கலவை நன்றாகவே இருந்தது

எரிவாயு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவன் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கட்டடப் பொறியியல் படித்தவன். ஊருக்குள் யாராவது, “எங்க வீட்டுச் சுவர் வெடிச்சிருக்கு, உங்க வாயுக் கிணறுதான் காரணம்” என்று எழுதிப்போட்டால், அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து, என்ன காரணம் என்று எழுதித் தருவதுதான் அவன் வேலை. தோள்பையில் ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், விரிசலின் அகலத்தை அளக்கிற பிளாஸ்டிக் அட்டை, ஒரு கேமரா, படிவக்கட்டு. படிவத்தில் டிக் போட ஆறு கட்டங்கள் இருந்தன. பழைய கட்டடம், ஈரக்கசிவு, மரவேர், அஸ்திவாரம் இறங்கியது, தரமற்ற கலவை, வீட்டுக்காரர் செய்த மாற்றம். நிலம் அதிர்ந்தது என்பதற்குக் கட்டம் கிடையாது. சேர்ந்த புதிதில் அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஊரில் அவனுக்கு ‘விரிசல் சார்’ என்று பெயர். கேலியாக ஆரம்பித்தது, பிறகு அப்படியே ஒட்டிக்கொண்டது. டீக்கடைக்குப் போனால், “விரிசல் சார் வந்துட்டாரு, கிளாஸைப் பத்திரமா குடுப்பா, அவரு பார்த்தாலே கீறல் விழுது” என்பார் கடைக்காரர். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

முதல் ஏழு வருடம் அவன் பொய் எழுதவில்லை. வீடு என்றால் சுவர் வெடிக்கத்தான் செய்யும். ஒருவர் கதவைப் பெரிதாக்கப் பாரம் தாங்குகிற சுவரையே உடைத்திருப்பார். இன்னொருவர் வீட்டில் குளியலறைக் குழாய் உள்ளுக்குள் ஒழுகி அஸ்திவாரம் ஊறிப்போயிருக்கும். போய்ப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். சுவரைத் தட்டிப் பார்த்தே நோய் சொல்லுகிற வைத்தியர் மாதிரி அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்குப் பிறகுதான் நிறுவனம் நான்கு புதுக் கிணறுகளைத் திறந்தது. வாயு எடுப்பது இரண்டு மடங்கானது. ஆறேழு மாதம் கழித்து ஊரில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. யாரோ லாரியைக் கொண்டுவந்து வீட்டின் பின்சுவரில் மோதினது போல ஒரு ‘டம்’. அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். நாய்கள் குரைக்கும். அவ்வளவுதான், பத்து நொடியில் அடங்கிவிடும். மாதத்துக்கு ஒன்று என்று வந்தது, பிறகு வாரத்துக்கு ஒன்றானது. புகார்ப் பெட்டி நிரம்பியது.

நிறுவனத்தின் பின்கட்டில் ஒரு கருவி அறை உண்டு. பூமிக்குள் நடக்கும் அதிர்வுகளைப் பதிவுசெய்கிற கருவிகள் மூன்று இடங்களில் புதைக்கப்பட்டிருந்தன. அவை அனுப்புவதைப் பார்த்துக் குறித்து வைப்பது ஒரு அம்மாளின் வேலை. அந்தக் காலத்தில் ஊசி ஒன்று காகித உருளையில் கோடு கிழிக்குமாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் திரைதான். ஆனாலும் அவருக்கு ஊசியம்மா என்றே பெயர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது.

ஒருநாள் மதியம் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவனை ஊசியம்மா கூப்பிட்டார். “சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க. ஒண்ணு காட்டணும்.”

திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

“நீலம் மாசாமாசம் நாம எடுத்த வாயு. சிவப்பு ஊருக்கடியில வந்த அதிர்வு எத்தனைன்னு. நீலம் ஏறினா, ஏழு மாசம் கழிச்சு சிவப்பு ஏறுது. நீலம் இறங்கினா இதுவும் இறங்குது. தங்கச்சி மாதிரி பின்னாடியே போகுது பாருங்க.”

“கீழ என்னதான் நடக்குது?”

“மூணு கிலோமீட்டர் ஆழத்துல மணற்பாறை இருக்குல்ல, அதோட சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள எல்லாம் வாயு அடைச்சு நின்னுச்சு. மேல இருக்கிற பாரத்துல பாதி அதுதான் தாங்கிட்டு இருந்தது. நாம அதை எடுக்க எடுக்க பாறை நசுங்குது. எல்லா இடமும் ஒரே மாதிரி நசுங்கினா பரவாயில்ல. அங்க ஆதிகாலத்துப் பிளவு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒரு பக்கம் அதிகமா நசுங்குது, ஒரு பக்கம் கம்மியா. தாங்காம ஒருநாள் சடக்குன்னு வழுக்குது. அதுதான் அந்த டம்.”

அவனுக்கு வாயில் சாப்பாட்டின் ருசி போய்விட்டது. “இது உறுதியாம்மா?”

“உறுதின்னு நான் சொல்ல மாட்டேன். பூமிக்குள்ள போய்ப் பார்த்தவங்க யாரு இருக்கா? ஆனா இல்லவே இல்லைன்னு நீங்க தினமும் எழுதுறீங்களே, அது மட்டும் எப்படி உறுதி?”

“மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?”

“ரெண்டு தடவை. ‘ஆய்வு நடந்துட்டு இருக்கு’ன்னு சொல்றாரு. ஆய்வு பண்ற ஆளே நான்தான் சார்.”

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. தன் மேசைக்குத் திரும்பினான். அன்று மாலைக்குள் மூன்று வீடுகளுக்கு எழுதித் தர வேண்டியிருந்தது. பழைய கட்டடம், ஈரக்கசிவு, பழைய கட்டடம் என்று டிக் போட்டான். அவன் தெரிந்தே எழுதிய முதல் பொய்கள் அந்த மூன்றும். அந்த அம்மாவே உறுதியில்லை என்கிறார், நான் சுவர் பார்க்கிறவன், பூமியைப் பார்ப்பது என் வேலையில்லை என்று சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொண்டே பதினான்கு மாதம் ஓட்டினான்.

ஒரு விஷயத்தை மட்டும் அவனால் தனக்கே மறைக்க முடியவில்லை. மண் இறங்கினால் சுவரில் விரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். நிலம் இப்படியும் அப்படியும் உலுக்கினால்தான் இரண்டு பக்கமும் வெடித்துப் பெருக்கல் குறி போல நிற்கும். கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே பாடத்தில் படித்தது. இப்போது வீட்டுக்கு வீடு பெருக்கல் குறி. அவன் கேமராவைக் கொஞ்சம் நகர்த்திப் பிடிப்பான். படத்தில் ஒரு கோடு மட்டும் விழும், மற்றது வெளியே போய்விடும். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கை தானாகவே பழகிக்கொண்டது.

பிறகு ஒரு காலையில் மேனேஜர் ஒரு புகார்க் கடிதத்தை நீட்டினார். அக்காவின் கையெழுத்து.

“உங்க அக்கா வீடாமே? நீங்களே போயிட்டு வந்துடுங்க. வேற ஆள் போனா தேவையில்லாத பேச்சு வரும்” என்றார். அவன் கதவு வரை போனதும் ஞாபகம் வந்தவர் போலச் சொன்னார்: “அப்புறம், அந்தப் பக்கம் இனிமே ‘அஸ்திவாரம் இறங்கியது’ன்னு டிக் போட வேணாம். ஏன் இறங்குச்சுன்னு அடுத்த கேள்வி வரும்.”

அவன் பதினோராம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அக்கா அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்தாள். ஆறு வருடம் அங்கேதான் இருந்து படித்தான். அக்காவின் கணவர், அவன் அத்தான், கொத்தனார். அந்த வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே கட்டியவர். மச்சினன் உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமே என்று மாடியில் ஒரு அறையையும் ஏற்றினார். சினிமாவுக்குக்கூடப் போகாதவர், அந்த ஆறு வருடமும் அவன் மதிப்பெண் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அவன் போனபோது அத்தான் துவைத்த சட்டை போட்டு, தலை சீவி, வாசலில் நின்றிருந்தார். வந்திருப்பது மச்சினன் இல்லை, அதிகாரி என்பது போல.

“வா மாப்ளே. நீயே வர்றேன்னு உங்க அக்கா சொன்னா. நல்லதாப் போச்சு. படிச்ச ஆளு பார்த்தா பயம் இல்ல.”

சமையலறைச் சுவர். அவன் பார்ப்பதற்கு வசதியாக அத்தான் ஏற்கெனவே பூச்சைச் சதுரமாகக் கொத்தி எடுத்து, தரையைப் பெருக்கி வைத்திருந்தார். ஜன்னல் மூலையிலிருந்து இரண்டு விரிசல்கள் கிளம்பி நடுவில் வெட்டிக்கொண்டன. பெருக்கல் குறி, வரைந்து வைத்த மாதிரி. அவன் டார்ச்சை அடித்துக் கிட்டத்தில் பார்த்தான். விரிசல் செங்கல்லைப் பிளந்துகொண்டு ஓடியிருந்தது. கலவை மட்டமாக இருந்தால் விரிசல் கலவை வழியே படிப்படியாக ஏறும். இங்கே கலவை அசையவில்லை, கல்தான் உடைந்திருந்தது. முப்பது வருடத்துக் கலவை கல்லைவிட உறுதியாக நின்றிருந்தது.

அக்கா டீயோடு வந்து நின்றாள். “என்னடா ஆச்சு? அந்த டம்முனு கேக்குதே, அதுனாலயா?”

“அதெல்லாம் இல்லக்கா.”

“பின்ன என்ன மாப்ளே?” என்றார் அத்தான். “மரம் கிரம் எதுவும் பக்கத்துல இல்ல. தண்ணி ஒழுகல. நானும் நாலு நாளா யோசிக்கிறேன்.”

அவன் படிவத்தைப் பார்த்தான். அஸ்திவாரம் என்று போட முடியாது. மரமில்லை. ஈரமில்லை. மாற்றம் எதுவும் செய்யவில்லை. பழைய கட்டடம் என்று போட்டிருக்கலாம். பிறகு பல நாள் அவன் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான், பழைய கட்டடம் என்றாவது போட்டிருக்கலாமே என்று. ஆனால் நிறுவனத்தின் விதிப்படி நாற்பது வருடம் தாண்டினால்தான் பழைய கட்டடம். அந்த நேரத்தில் விதிதான் பெரிதாகத் தெரிந்தது.

“கலவை… கொஞ்சம் சரியில்லாம இருந்திருக்கலாம் அத்தான். அந்தக் காலத்து மணல்ல உப்பு கிப்பு இருந்திருக்கும்.”

அத்தான் சுவரருகே போனார். விரல் நகத்தால் கலவையைச் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை.

“நான் போட்ட கலவையா மாப்ளே?”

“எல்லாருக்கும் வர்றதுதான் அத்தான்.”

“இல்ல, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அவர். “எனக்கென்ன தெரியும், கண்ணளவுல போட்டுக் கலக்கிறவன்.” பிறகு டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். “ஆறிடப் போகுது, குடி.”

அவன் அதைக் குடித்தான். குடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்காக நிறுவனம் மாதாமாதம் ஒரு பட்டியல் தயாரித்து நகராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டும். தெரு, வீட்டு எண், விரிசலுக்குக் காரணம். அந்த மாதப் பட்டியலில் கொத்தனார் வீட்டுக்கு நேரே ‘தரமற்ற கலவை’ என்று இருந்தது. அவர் கட்டிய நாற்பத்தோரு வீடுகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தன. ஊருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

“அவரு வீட்டுக்கே அவரு கலவை சரியில்லையாம்” என்றார்கள். “மச்சினனே எழுதிக் குடுத்திருக்கான், அப்புறம் பொய்யா இருக்குமா?” கட்டுவதாக இருந்த இரண்டு வேலைகள் வேறு ஆளுக்குப் போயின. விரிசல் விழுந்த வீட்டுக்காரர்கள் அத்தானைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்கள்.

இதெல்லாம் அக்கா போனில் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அவள் அவனைக் குறை சொல்லவில்லை. “நீ என்னடா பண்ணுவ, இருக்கிறதைத்தான எழுத முடியும்” என்றாள். அதைவிட அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. “ஆனா ஒண்ணுடா, உங்க அத்தான் இப்ப தினமும் ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்பிடறாரு. அவரு கட்டின வீட்டுக்கெல்லாம் போய், விரிசலைப் பூசிக் குடுக்கிறாரு. கூலி வாங்க மாட்டேங்கிறாரு. கேட்டா, ‘என் தப்புக்கு நான் கூலி வாங்குவேனா’ங்கிறாரு.”

இரண்டு நாள் கழித்து அவனே அதைப் பார்த்தான். ஒரு புகாருக்காகப் போகிற வழியில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டு முன்னால் ஏணி சாத்தியிருந்தது. மேலே அத்தான், கையில் கரண்டி. கீழே டீச்சர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் சொல்வது தெருவரைக்கும் கேட்டது.

“மன்னிச்சிடுங்க டீச்சர். அப்ப எனக்குச் சின்ன வயசு. மணலை நல்லாச் சலிக்காம விட்டிருப்பேன் போல.”

“அட விடுங்க, யாரு வேணும்னா செய்வாங்க” என்றார் டீச்சர். ஆனால் அவர் முகத்தில், நாம் ஏமாந்துவிட்டோம் என்கிற ஒரு சுருக்கம் இருந்தது.

அவன் பைக்கைத் திருப்பி அடுத்த தெருவுக்குள் போனான். அங்கே ஒரு கடைச் சுவரோடு நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கழற்றினால் யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்கள் என்று தோன்றியது. அந்தக் கணமே போய், “அத்தான், இறங்கி வாங்க” என்று சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. ஒரு தெரு தூரம்தான். போகவில்லை.

மறு வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நிலம் குலுங்கியது. இந்தத் தடவை ‘டம்’ என்று ஒரு அடியோடு நிற்கவில்லை. அலுவலகத்தில் தண்ணீர்க் கேன் ஸ்டாண்டோடு சாய்ந்தது. கூரை விளக்குகள் ஊசலாடின. யாரோ “வெளிய வாங்க, வெளிய வாங்க” என்று கத்தினார்கள். எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்றார்கள். கடைசியாக வந்த ஊசியம்மா அவன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: “மூணு புள்ளி எட்டு. இதுவரைக்கும் இவ்வளவு பெருசா வந்ததில்ல.”

போன் அடித்தது. அக்கா. “ஏணியில இருந்தாருடா” என்றாள்.

டீச்சர் வீட்டில் பூச்சுவேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. அந்த வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பெயர்ந்து விழுந்திருந்தது. அத்தான் அதன் மேல் விழவில்லை, அது அவர் மேல் விழவில்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். ஆனால் ஏணி நழுவிச் சிமெண்டுத் தளத்தில் வலது கையை ஊன்றி விழுந்திருந்தார். மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. காறை எலும்பும் முறிந்திருந்தது.

மருத்துவமனையில் அவன் போய் நின்றபோது மதியம் இரண்டு மணி. கட்டில் ஓரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். அத்தானின் கை தோள்வரை கட்டப்பட்டிருந்தது. அவனைப் பார்த்ததும் எழ முயன்றார்.

“மாப்ளே, டீச்சர் வீட்டுக் கைப்பிடிச் சுவரு விழுந்திருச்சாமே. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? கீழ ஆளுங்க நடமாடுற இடம் அது. நான் கட்டினது.” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “எத்தனை வீடு இப்படி நிக்குதோ. நினைச்சாலே உடம்பு கூசுது.”

அவன் என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருந்தான். ஆறுதலாக, சுற்றி வளைத்து. வாயில் வந்தது வேறு.

“கலவை நல்லாத்தான் இருந்துச்சு, அத்தான்.”

“என்னது?”

“உங்க கலவை. ஒரு குறையும் இல்ல. கல்லுதான் உடைஞ்சிருக்கு, கலவை உடையல. நிலம் ஆடினதுனால வந்தது அது. கீழ வாயு எடுக்கிறதுனாலதான் ஆடுதுன்னு எங்க ஆபீஸ்ல கணக்குப் போட்டு வச்சிருக்காங்க.”

அத்தான் அவனையே பார்த்தார். “இப்ப கண்டுபிடிச்சாங்களா?”

இங்கே ஒரு வழி திறந்திருந்தது. ஆமாம், இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அக்காகூட அவன் அப்படிச் சொல்லட்டும் என்று காத்திருப்பது போல இருந்தாள்.

“இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும். அதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே தெரியும்.”

அத்தான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். நர்ஸ் வந்து குனிந்து எடுத்தாள். அதுவரைக்கும் அவர் திரும்பவே இல்லை.

அக்காதான் பேசினாள், சத்தம் போடாமல். “தெரிஞ்சுக்கிட்டே எங்க வீட்டு டீயைக் குடிச்சியா?”

அவன் தலை குனிந்து நின்றான்.

“கிளம்பு. அவரு தூங்கட்டும்.”

அடுத்த வாரம் நிறுவனம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டது. ஊரே வந்திருந்தது. மேடையில் மேனேஜர், வெளியூரிலிருந்து வந்த ஒரு நிபுணர், நகராட்சித் தலைவர். “பூமிக்கு அடியில எப்பவுமே இயற்கையா ஒரு அசைவு இருந்துட்டேதான் இருக்கும்” என்று மேனேஜர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மக்கள் கேள்வி கேட்பதற்குக் கீழே இன்னொரு மைக் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு வரிசை. அவன் போய் அதில் ஆறாவது ஆளாக நின்றான். கழுத்தில் நிறுவன அட்டை தொங்கியது.

முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். “விரிசல் சார், வரிசை மாறி நிக்கிறீங்க. உங்க சீட்டு மேடையிலயில்ல இருக்கு?” நான்கு பேர் சிரித்தார்கள்.

அவன் முறை வந்தபோது மைக் உயரம் கம்மியாக இருந்தது. குனிந்து பேச வேண்டியிருந்தது. எழுதி வைத்திருந்த காகிதம் பையிலேயே இருந்துவிட்டது.

“நான் பதினாலு மாசத்துல நூத்தி அறுபத்து மூணு வீடு பார்த்திருக்கேன். முக்கால்வாசிக்கு மேல நான் எழுதிக் குடுத்தது பொய். சுவர்ல பெருக்கல் குறி மாதிரி இருந்துச்சு, பாதியை மட்டும் படம் எடுத்தேன். நிலம் ஆடினதுனால வந்த விரிசல் அது. எதுனால ஆடுதுன்னு அடிச்சுச் சொல்ற படிப்பு எனக்கு இல்ல. ஆனா வாயு எடுக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு காட்டுற கோடு எங்க ஆபீஸ்ல இருக்கு. நான் பார்த்தேன். அப்புறம்… எங்க அத்தான், கொத்தனார், அவரு கட்டின எந்த வீட்டுலயும் கலவையில குறை கிடையாது. குறை இருக்குன்னு நான் எழுதினது ரொம்பப் பெரிய பொய்.”

மேனேஜர், “இது அவரோட சொந்தக் கருத்து” என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

யாரும் கை தட்டவுமில்லை. தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

“எங்க வீட்டுக்கும் வந்தீங்க சார். எங்க வீட்டுக்காரரு ஜன்னலை மாத்தினதுனாலதான் சுவரு வெடிச்சுதுன்னு எழுதினீங்க. அதுக்காக நான் அந்த மனுஷனை ஒரு வருஷமா கரிச்சுக் கொட்டிட்டிருக்கேன்.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

“அதையெல்லாம் யாரு சார் திருப்பி எடுக்கிறது?”

“மன்னிச்சிடுங்கம்மா” என்றான். அந்தச் சொல்லை டீச்சர் வீட்டு ஏணியிலிருந்து கேட்டது நினைவு வந்ததும் அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாளே வேலை போயிற்று. நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்து, மனைவி, மகளோடு பக்கத்து ஊரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனான். மனைவி அதிகம் பேசவில்லை. சாமான்களைக் கட்டும்போது, “முன்னாடியே சொல்லியிருந்தா நானும் சேர்ந்து வெட்கப்பட்டிருப்பேன், தனியாவே பட்டிருக்கீங்க” என்று மட்டும் சொன்னாள்.

அரசு ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. ஊசியம்மா தன் இரண்டு கோடுகளையும் அவர்களிடம் கொடுத்துவிட்டார். ஓய்வுக்குச் சில மாதங்களே இருக்கும்போது அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்முன் அவனைப் பார்க்க வந்தார்.

“நீங்க மைக்ல பேசினதைக் கேட்டு எனக்கு மானமே போச்சு சார். ரெண்டு தடவை மேனேஜர்கிட்ட சொன்னேன்னு பெருமையா நினைச்சிட்டிருந்தேன். சொல்லிட்டு என்ன பண்ணேன்? அஞ்சு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைச்சிட்டு வீட்டுக்குப் போனேன்.”

எட்டு மாதம் கழித்துக் குழு அறிக்கை கொடுத்தது. வாயு எடுப்பதே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், அதுவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றது. பிளவுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு கிணறுகளை மூடச் சொன்னது, மற்றதில் எடுப்பதைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. அதிர்வுகள் உடனே நின்றுவிடவில்லை. கீழே அழுத்தம் சமமாக வருடக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

இதற்கிடையில் அவன் அத்தான் கட்டிய நாற்பத்தோரு வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனான். கதவைத் தட்டி, தான் யார் என்று சொல்லி, சுவரைக் காட்டி விளக்கினான். சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர், “இதைச் சொல்லத்தான் வந்தியா? போய்யா” என்று கதவைச் சாத்தினார். டீச்சர் மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு, “பாவம் அந்த மனுஷன், என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரே. நானும் பெருந்தன்மையா மன்னிச்சேனே” என்று முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தானுக்கு மறுபடி வேலை வர ஆரம்பித்தது. ஆனால் மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. கரண்டியை வேறு ஆட்கள் பிடித்தார்கள், அவர் நின்று வேலை சொன்னார்.

நாற்பத்தோராவது வீடு அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அதிலிருந்து அவன் வெளியே வந்தபோது அத்தான் தெருவில் நின்றுகொண்டிருந்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

“எல்லா வீட்டுக்கும் போறியாமே.”

“ஆமா அத்தான்.”

“நீ பொய் சொன்னதைக்கூட ஒரு மாதிரி ஒதுக்கி வச்சிடலாம்னு பார்க்கிறேன். வேலைக்குப் பயந்திருப்ப, மனுஷன்தானே. என்னால முடியாதது வேற.” அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். “அன்னைக்கு நான் நகத்தால சுரண்டிப் பார்த்தேன். ஒரு துளி உதிரல. என் கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. அப்பவும் என் கையை நம்பாம உன்னை நம்பினேன். முப்பது வருஷம் வேலை பார்த்தவன் மாப்ளே நான். அந்த வெட்கம் எனக்குப் போக மாட்டேங்குது.”

“அது என்னோடது அத்தான். உங்களோடது இல்ல.”

“சொல்றது சுலபம்” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் வா என்றும் சொல்லவில்லை. நடந்து போய்விட்டார்.

அவனுக்குப் பிறகு ஒரு பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைத்தது. அக்கா எப்போதாவது போனில் பேசினாள். மகள் படிப்பு, மழை, உடம்பு என்று ஏதாவது. அத்தானிடம் போனைக் கொடு என்று அவன் கேட்டதில்லை, அவளும் கொடுத்ததில்லை.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை மதியம் மறுபடி ஒரு அதிர்வு. சின்னதுதான். அவன் இருந்த ஊரில் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. உடனே அக்கா எண்ணுக்கு அடித்தான். நீண்ட நேரம் மணி அடித்தது. எடுத்தது அத்தான்.

“அத்தான், நான்தான். அங்க எல்லாரும்…”

“இருக்கோம். சுவரெல்லாம் நிக்குது.”

அந்தப் பக்கம் அக்கா, “யாரு?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“உன் தம்பி” என்றார் அத்தான். பிறகு போனில், “குழந்தையை உள்ள நிக்க விடாத. இன்னொண்ணு வந்தாலும் வரும்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவன் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்த் தெருவில் நின்றான்.